கலங்கலும் தெளிவும்

புதுவெள்ளம் பெருகும் நாளில் ஆற்றிலிருந்து ஒரு குடம் நீர் மொண்டு வைப்போமாயின், மணல் உடனே அடியிற் படியும். வண்டல் அதன்மேல் மெல்லப் படியும். நீரோ மறுநாளும் கலங்கியே நிற்கும். ஒரே ஆற்று மண்ணின் துகள்கள் ஒரே நீரில் வெவ்வேறு காலத்திற் படிவானேன்? இவ்வினாவை ஆராயப் புகுவோர்க்குப் பௌதிக நூலின் ஆழ்ந்த உண்மையொன்று புலனாகும்.

நீரில் வீழ்ந்த துகளை அதன் எடை கீழே இழுக்கின்றது. நீரின் மிதப்பு விசையும் உராய்வும் அதனைத் தடுக்கின்றன. இவை தம்முள் சமனானபின் துகள் மாறா வேகத்துடன் இறங்கும். அவ்வேகத்தைக் கணிக்கும் விதியை 1851-இல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் வெளியிட்டார். அவ்விதிப்படி, துகளின் விட்டம் பத்திலொரு பங்காகக் குறையின், வேகம் நூறிலொரு பங்காகக் குறையும். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் ஓரடி ஆழம் இறங்க ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். 0.001 மில்லிமீட்டர் விட்டமுள்ள களிமண் துகளுக்கோ ஏறத்தாழ நான்கு நாட்கள் வேண்டும். மணல் கீழும், வண்டல் இடையும், களிமண் மேலுமாக அடுக்குகள் அமைதற்குக் காரணம் இதுவே.

அங்ஙனமாயின், எத்துணை நுண்ணிய துகளும் காலம் கடந்தாயினும் முற்றும் படிந்துவிடுமோ எனின், படியாது. 1827-இல் பிரௌன் என்னும் தாவர நூலறிஞர், மகரந்தத்தினின்று வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாது அலைவதைக் கண்டார். நீரின் மூலக்கூறுகள் நாற்புறமும் மோதுவதே அவ்வலைவிற்குக் காரணம் என்பதை 1905-இல் ஐன்ஸ்டைன் கணிதமுறையால் விளக்கினார். எடை கீழே இழுக்க, மோதல் மேலே சிதறடிக்க, துகள்கள் அடியில் அடர்ந்தும் மேலே செல்லச்செல்ல அருகியும் நிற்கும்.

இந்நிலையை அளந்து காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பெரின். அவர் 1908-இல் ஒருவகை மஞ்சட் பிசினைச் சம அளவுள்ள நுண்துகள்களாகப் பிரித்து, நீரிற் கலந்து, ஒரு சிறு துளியைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்து, நான்கு மட்டங்களில் அவற்றை எண்ணினார். கீழ்மட்டத்தில் 100 துகள்கள் எனக் கொண்டால், அடுத்தடுத்த மட்டங்களில் 47, 23, 12 என அவை குறைந்தன. அஃதாவது ஒவ்வொரு 0.03 மில்லிமீட்டர் உயரத்திற்கும் ஏறக்குறையப் பாதியாயின. நம்மைச் சூழ்ந்த காற்றும் இவ்வாறே, ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் உயரத்திற் பாதியாக அருகுகின்றது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கண்ணுக்குப் புலனாகா மூலக்கூற்றின் எடையைப் பெரின் கணித்தார். அணு உண்டென்பதை நெடுங்காலம் ஏற்க மறுத்த ஆஸ்ட்வால்ட் என்னும் ஜெர்மானிய ரஸாயன அறிஞரும், இவ்வாராய்ச்சி முதலிய சான்றுகளைக் கண்டு 1909-இல் தம் கொள்கையை மாற்றிக்கொண்டார். பெரினுக்கு 1926-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இனி, நம் குடத்து நீருக்கு மீள்வோம். களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையன. ஆதலின் ஒன்றையொன்று விலக்கி, ஒன்றுசேராது தனித்தனியே மிதக்கின்றன. படிகாரம் இட்டால் அவ்விலக்கம் நீங்கி, துகள்கள் திரண்டு, பருமன் மிகுந்து விரைவிற் படிகின்றன. குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்க்கும்போதும், அதன் சாரம் துகள்களைப் பிணைத்துத் திரட்டுகின்றது. தேற்றா விதையால் கலங்கிய நீர் தெளிவதைக் கலித்தொகை உவமையாக ஆண்டிருத்தலின், இவ்வழக்கத்தின் தொன்மை விளங்கும்.

ஆயினும் ஒன்று மறத்தலாகாது. தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. நோய்க்கிருமிகளுள் ஒரு பகுதி மண்ணோடு படியினும், எஞ்சியவை அந்நீரிலேயே நிற்கும். ஆதலின் தெளிவித்த நீரையும் காய்ச்சியே பருகல் வேண்டும். அணு உண்டோ இல்லையோ என்னும் பெரும் வழக்கைத் தீர்த்துவைத்த சான்றும் ஒரு துளிக் கலங்கல் நீரிலேயே கிடைத்தது. ஆதலின் நாடோறும் காணும் எளிய பொருளையும் கூர்ந்து நோக்குதல் மாணவர்க்கு நற்பழக்கமாம்.