பட்டியலில் வராத ஆசீர்வாதங்கள்

மோகனூர்

அன்புள்ள கண்ணுக்கு,



உன் கடிதம் கிடைத்தது. அறுப்பின் பண்டிகைக்கு ஸ்தோத்திரக் காணிக்கை உறை வாங்கி, காரணம் எழுதும் கோட்டில் எழுத ஒன்றுமில்லாமல் வெறுமனே போட்டுவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். வீடு கட்டி முடித்தது, வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று மற்றவர்களின் உறைகளைப் போதகர் வாசிக்க வாசிக்க உனக்கு அழுகை வந்ததாம். நீட் மார்க் போதாமல் போன வருஷத்தில் எதற்கு நன்றி சொல்வது என்று கேட்கிறாய்.

கரும்புக்கும் வாழைக்கும் நல்ல விலை கிடைத்ததற்குக் காணிக்கை படைப்பதில் தப்பே இல்லை. நம் காவிரிக் கரையில் அது வேண்டியதும்கூட. ஆனால் ஆசீர்வாதம் என்றாலே கையில் வாங்கி எண்ணிப் பார்க்கிற பொருள்தான் என்று நாம் பழகிவிட்டோம். அது சரியல்ல. எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பார். பவுல் காவலில் இருந்து எழுதியது. விலங்கு கழன்றதற்கு அதில் நன்றி இல்லை, கழல வேண்டுமென்ற கெஞ்சலும் இல்லை. உலகம் உண்டாகும் முன்னே தெரிந்துகொள்ளப்பட்டோம், பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டோம், பாவமன்னிப்பு பெற்றோம், ஆவியானவரால் முத்திரை போடப்பட்டோம் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போகிறார். எல்லாம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டவை. பரீட்சையில் தோற்றவளிடமிருந்தும் பிடுங்க முடியாதவை.

இதெல்லாம் பெரிய பெரிய வார்த்தைகளாக இருக்கிறதே என்பாய். நம் பக்கத்து மலையிலேயே இதை வாழ்ந்து காட்டியவர்கள் இருந்தார்கள். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரி தம்பதி 1913இல் திருமணம் ஆன உடனே சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலை ஏறினார்கள். ரோடு கிடையாது, மலைக்காய்ச்சலோ ஏராளம். மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், வருஷங்கள் போயும் ஒருவரும் விசுவாசத்துக்கு வரவில்லை. அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் கடும் காய்ச்சலில் விழுந்தார். கிட்டப் போக ஆளில்லாத நிலையில் இவர்கள் இருவரும்தான் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். சாகும் தறுவாயில் அவர் தன் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டுத் தங்கள் மகளாகவே வளர்த்தார்கள். எதிராளியின் குழந்தை ஒரே நாளில் வீட்டுப் பிள்ளையானது. அந்தக் குழந்தை அதற்காகச் செய்தது என்ன? ஒன்றுமில்லை. பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட்டோம் என்று பவுல் சொல்வது எனக்கு விளங்கியது இந்த ரூத்தை நினைத்தபோதுதான்.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட் ஒன்பது வயதிலேயே படிக்க இங்கிலாந்து அனுப்பப்பட்டார். அப்பா வாரம் தவறாமல் கடிதம் எழுதுவார். 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலில் இறந்தார். செய்தி தந்தியில் உடனே போய்விட்டது. கப்பலில் போன அப்பாவின் கடிதங்களோ அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில், குதிரையில் தனியாக மலைமேல் போனதையும், மரத்தின் வாசனையையும், பள்ளங்களில் குவிந்து கிடந்த காய்ந்த சருகுகளையும் மகனுக்கு எழுதியிருந்தார். இதை அனுபவிக்கத் தாவரவியல் தெரிய வேண்டியதில்லை, கவனித்துப் பார்த்தால் போதும், இப்படி ஓர் இடத்தில் உன்னை வைத்த தேவனை எப்போதும் நன்றியோடு நோக்கு என்பதுதான் சாரம். பதினான்கு வயதுப் பையனுக்கு அப்பா விட்டுப்போன சொத்து அது.

அந்தப் பையன் டாக்டராகி 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்துபோவது சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால் என்று கண்டறிந்தவர் அவர். சுட்டாலும் வெட்டினாலும் தெரியாத கையை யாரால் காப்பாற்ற முடியும்? ஒரு நாள் ரயில் பயணம் முடிந்து காலுறையைக் கழற்றியபோது தன் குதிகாலே மரத்திருப்பதைக் கண்டார். ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தொழுநோய்தான் என்று முடிவு கட்டி இரவெல்லாம் விழித்திருந்தார். காலையில் திரும்பக் குத்தியபோது சுரீரென்று வலித்தது. அந்த வலிக்காக தேவனைத் துதித்தார்.

அம்மாவிடம் பொய் சொன்ன ராத்திரி தூக்கமே வரவில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறாய் பார், அதற்கு நன்றி சொன்னாயா? உள்ளே உறுத்துகிற மனசும் அந்த வலியைப் போலத்தான், ஆவியானவரின் ஈவு. அது மரத்துப் போகாமல் இருப்பதும், காலையில் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்கத் தைரியம் வந்ததும், மன்னிப்புக் கிடைத்ததும் எந்த வேலைக்கும் வீட்டுக்கும் குறைந்தவை அல்ல.

பாலின் அம்மா ஈவ்லின் அம்மையாரும் கணவரைப் புதைத்த மலையை மறக்கவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பினார். இடுப்பு எலும்பு முறிந்து, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடக்கும் நிலையிலும் ஊழியத்தை விடவில்லை. 1974 டிசம்பரில் 95 வயதில் காலமானார். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

லீவுக்கு வா கண்ணு. காரவள்ளி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அந்தக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வருவோம். அதற்குள் எபேசியர் முதலாம் அதிகாரத்தை வாய்விட்டு வாசித்துவிடு. உனக்குக் கொடுக்கப்பட்டது என்று தோன்றுகிற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி ஸ்தோத்திரம் சொல்லு. நீட்டுக்குத் திரும்பப் படிப்பதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் பேசலாம்.

ஜெபத்துடன்,
பெரியப்பா