தூண்டிற்காரர் அறிய வேண்டிய தாமிரபரணி

ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே தாமிரபரணி ஆறு ஏரலையும் ஆத்தூரையும் கடந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. பொதிகை மலையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிவரும் இவ்வாற்றின் கடைசிப் பகுதி தூத்துக்குடி மாவட்டத்திற்கு உரியது. இப்பகுதி ஊர்களில் மாலை வேளையில் ஆற்றங்கரைக்குச் சென்றால், கோலும் இரையுமாகச் சிறுவரும் பெரியவரும் அமர்ந்திருக்கக் காணலாம். வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிடுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆற்றில் நீர் குறைந்ததையும், சாக்கடை கலந்ததையும், மணல் போனதையும் முதலில் உணர்பவர் தூண்டிற்காரரே. ஆகவே தூண்டில் பிடிக்கும் முறையையும், அதனோடு அவர் ஆற்றைப் பற்றி அறிந்திருக்க வேண்டிய செய்திகளையும் இக்கட்டுரையில் கூற முற்படுகின்றோம்.

நம் ஊர்த் தூண்டில் எளியது. மூங்கிற் கோல், தங்கூசி, மிதப்பதற்கு ஒரு தக்கை, நூலை நீருக்குள் இழுக்கச் சிறு ஈயக்குண்டு, நுனியில் முள், முள்ளில் மண்புழுவோ இறாலோ பிசைந்த மாவோ இரை. கெண்டைக்கு மாவும், விராலுக்கும் கெளுத்திக்கும் புழுவும், முகத்துவாரத்துக் கொடுவாவுக்கு உயிருள்ள இறாலும் ஏற்றவை. மேல்நாட்டாரிடமிருந்து வந்த மற்றொரு முறையும் உண்டு. அதில் இரையே கிடையாது. சிறு முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றி, நீரில் விழுந்த ஈயைப் போலவோ தட்டானைப் போலவோ தோற்றும்படி செய்துவிடுவார்கள். இந்தப் பொய் ஈக்கு எடை இல்லை. அதைத் தொலைவில் வீசுவது எப்படி? நம் தூண்டிலில் ஈயம் நூலை இழுத்துச் செல்கின்றது. அம்முறையிலோ நூலே கனமாகச் செய்யப்பட்டு, அதன் கனமே ஈயை இழுத்துச் செல்கின்றது. கோலை முன்னும் பின்னும் வீசி, நூல் முழுவதும் காற்றில் நீளும் வரை பொறுத்து, பின்னரே நீரில் இறக்க வேண்டும். பழகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். பின்னால் பனைமரம் நிற்கும் கரையில் பழகலாகாது என்பது நாம் பட்டறிந்த பாடம்.

நீலகிரியின் அவலாஞ்சியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் டிரவுட் மீனை வளர்த்தது இவ்வகைத் தூண்டிலுக்காகவே. ஆயினும் குளிர்ந்த மலை ஓடை இருந்தால்தான் இது இயலும் என்று எண்ண வேண்டுவதில்லை. நீர்மட்டத்தில் பூச்சி தின்னும் மீன் எங்கிருந்தாலும் இம்முறை பயன்படும். சிறுமீனைத் துரத்தித் தின்னும் கொடுவா முதலியவற்றிற்கு, ஈக்குப் பதிலாகச் சிறுமீன் வடிவில் இறகைக் கட்டினால் போதும்.

இவ்விடத்தில் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் மீன்பிடித்தல் பற்றி 1873இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலைத் தூண்டிற்காரர்கள் இன்றும் தேடிப் படிக்கின்றனர். தென் கன்னடத்தில் பணியாற்றியபோது, ஆறுகளில் நஞ்சு கலந்தும் குஞ்சுமீன் தப்பாத கண்ணி வலைகளை இட்டும் மீன்வளம் அழிக்கப்படுவதைக் கண்டு அரசுக்கு எழுதியவர் அவர். அவரே 1884இல் நமது முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் பற்றி அறிக்கை அளித்தார். ஆற்றையும் முத்துக் கடலையும் ஒருவரே ஆராய்ந்தது பொருத்தமானதே. பின்னர் 1897இல் இயற்றப்பட்ட இந்திய மீன்வளச் சட்டம், நீர்நிலைகளில் வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் கொல்வதைக் குற்றமாக்கியது. ஆண்டுகள் நூற்றுக்கு மேல் ஆகியும் கோடையில் மடுக்களில் நஞ்சு கலக்கும் வழக்கம் முற்றிலும் ஒழிந்தபாடில்லை.

இனி மீன்களைக் கவனிப்போம். தாமிரபரணியில் இரு பயணிகள் இருக்கின்றன. இரண்டும் கடலில் முட்டையிட்டு ஆற்றில் வளர்பவை. கொடுவா கடல்நீரில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் கழிமுகத்திலும் அதற்கு மேலே நன்னீரிலும் ஏறி வளர்ந்து, பெரிதானபின் கடலுக்குத் திரும்பும். விலாங்கும் ஆற்றில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆழ்கடலுக்குச் செல்லும். அதன் நூலளவு குஞ்சுகள் மீண்டும் முகத்துவாரம் தேடி வந்து ஆற்றில் ஏறும். கொடுவாவைப் பற்றி வியப்பான மற்றொரு செய்தி: அது முதலில் ஆணாகச் சில ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர்ப் பெண்ணாக மாறும். ஆகவே சிறியவற்றையெல்லாம் பிடித்துவிட்டால் நாளைக்குப் பெண் மீன் இராது. மிகப் பெரியவற்றையே பிடித்தால் இன்றைக்கு முட்டையிட மீன் இராது. இரண்டுக்கும் இடைப்பட்டதைச் சோற்றுக்கு வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இவ்விரு பயணிகளுக்கும் திறந்த வழி வேண்டும். ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன, கடைசியானது ஸ்ரீவைகுண்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற இதன் வடகால், தென்கால் வாய்க்கால்கள் ஏராளமான நன்செய்க்கு உயிரூட்டுகின்றன. அணை கூடாதென்று நாம் கூறவில்லை. நெல் விளைந்தால்தான் மீன் குழம்புக்குச் சோறு கிடைக்கும். ஆயினும் மீனுக்கு அணை ஒரு சுவர் என்பதை மறுக்க இயலாது. விலாங்குக் குஞ்சு ஈரச் சுவரில் ஊர்ந்து ஏறிவிடும். கொடுவாவால் ஏற முடியாது. எனவே அணைக்குக் கீழே கடல் வரையுள்ள பகுதியே அதன் முழு வீடு. அந்த வீட்டில் ஆண்டு முழுவதும் சிறிதளவேனும் நீர் ஓட வேண்டும். பாசனத்திற்கும் குடிநீருக்கும் எடுத்தபின், தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கென நாளொன்றுக்கு 2 கோடி காலன் நீர் தருவதற்கு வகுத்த திட்டமும் ஸ்ரீவைகுண்டத்தையே நம்பி ஏற்பட்டது. மழை பெய்த ஆண்டில் இது தெரியாது. வறண்ட ஆண்டில் அணைக்குக் கீழே ஆறு மடு மடுவாகத் துண்டுபட்டு, கடல்நீர் மேலேறும். அப்போது ஆத்தூர்ப் பகுதி வெற்றிலைக் கொடிக்காரரும் தூண்டிற்காரரும் ஒரே கவலையைப் பேசுவர்.

மணலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. மணல் வீடு கட்டும் பொருள் என்று மட்டுமே எண்ணப் பழகிவிட்டோம். ஆற்றுக்கோ அது பஞ்சு போன்றது. வெள்ளக் காலத்தில் நீரைக் குடித்து வைத்திருந்து, கோடையில் ஊற்றாகவும் கிணற்று நீராகவும் திருப்பித் தருகின்றது. அயிரை, ஆரல் முதலிய மீன்கள் மணலில் புதைந்தும் அளைந்தும் வாழ்பவை. மணலடியிலுள்ள புழுக்களும் பூச்சிகளின் இளம் பருவங்களுமே குஞ்சுமீனுக்கு முதல் உணவு. முகத்துவாரத்துக்கு அருகில் மணலை அள்ளினால் ஆற்றின் அடிமட்டம் கடல்மட்டத்திற்குக் கீழே இறங்கிவிடும். பின்னர் உப்புநீர் மேலேறுவதைத் தடுக்க எதுவும் இராது. மேலும், அள்ளிய பள்ளம் நீருக்குள் தெரியாது. நேற்று முழங்காலளவு இருந்த துறையில் இன்று ஆளை விழுங்கும் ஆழம் இருக்கலாம். குழந்தைகளைக் குளிக்க அனுப்பும் தாய்மார் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தாமிரபரணியில் மணல் எடுப்பதற்கு எதிராக, ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவரான பொதுவுடைமை இயக்கத் தலைவர் இரா. நல்லகண்ணு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்துத் தாமே வாதாடினார். 2010 டிசம்பரில் நீதிமன்றம் ஐந்தாண்டுகளுக்கு மணல் எடுக்கத் தடை விதித்தது. 2015இல் ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர்வாருமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பணித்தபோது, தூர் எடுப்பது எங்கே முடிகின்றது, மணல் எடுப்பது எங்கே தொடங்குகின்றது என்ற கேள்வியை ஊர்மக்கள் எழுப்பினர். நியாயமான கேள்வி. அணையின் வயிற்றிலுள்ள வண்டல் வயலுக்குப் போகலாம். ஆற்றின் மணல் ஆற்றிலேயே இருக்க வேண்டும். இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறியக் கற்பது கடினமன்று. ஈரமாக ஒரு பிடி எடுத்து அழுத்தினால் வண்டல் உருண்டையாகும், மணல் உதிரும்.

இதில் உயிரும் போயிருக்கின்றது. முறப்பநாட்டில் மணல் திருட்டைப் பற்றிக் காவல் துறையிடம் முறையிட்ட கிராம நிர்வாக அலுவலர், 2023 ஏப்ரல் 25ஆம் நாள் தம் அலுவலகத்தில் பணியிலிருந்தபோதே வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தனியொருவர் கையெழுத்திட்டு எழுதிய புகாரின் விலை அது. ஊர் முழுவதும் சேர்ந்து கிராம சபையில் நிறைவேற்றும் தீர்மானத்தில் தனியொருவர் பெயர் இராது என்பதை ஊராட்சித் தலைவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆறு கொண்டுவரும் மண்ணுக்குக் கடலோடு உள்ள உறவு நமக்குப் புதிதன்று. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே கிடக்கின்றது. தாமிரபரணியின் வண்டல் கடலைத் தள்ளியதால் துறைமுகம் பழையகாயலுக்கும், பிறகு புன்னைக்காயலுக்கும் இறங்கியது. இன்று மலையில் பாபநாசமும் 1958இல் முடிந்த மணிமுத்தாறும் வண்டலைத் தடுத்து நிறுத்துகின்றன. எஞ்சிய மணலை லாரிகள் கொண்டு செல்கின்றன. கடலுக்குச் சேர வேண்டிய பங்கு குறைந்துவிட்டது.

கடலிலும் இதே தவறு நிகழ்ந்தது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே வரிசையாக நின்ற 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்குமாகப் பவளப் பாறையைப் பல்லாண்டு வெட்டி எடுத்ததே இதற்குக் காரணம். தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள வான் தீவும் கரைந்து சிறுத்தபோது, அதனைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. கடல் இலவசமாகக் கட்டித் தந்த சுவரை உடைத்துவிட்டு, பணம் கொடுத்துச் சிமெண்டால் கட்டுகின்றோம். இக்கடலில் 1955 முதல் நடைபெற்ற முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. அதற்குப்பின் முத்துப் பார்கள் குளிப்பு நடத்தும் அளவுக்கு விளையவில்லை.

மீன் வளர்ச்சி என்ற நல்லெண்ணத்தில் செய்தவையும் சில சமயம் தீங்காய் முடிந்தன என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஜிலேபிக் கெண்டை 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைக்கு மலிவான மீன் என்று கிராமக் குளங்களில் விடப்பட்டு, குளம் நிரம்பிய நாளில் வெளியேறி ஆறெங்கும் பரவியது. அரசு தடை செய்துள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக வளர்ப்போர் இன்றும் உளர். இவ்விரண்டும் தூண்டிலில் அகப்பட்டால் திரும்ப விட வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களின் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. அத்தகைய மழையை எந்த ஆறும் எளிதில் தாங்காது. ஆயினும் கரையை அரித்தும் ஓடையை மறித்தும் வைத்திருக்கும் இடங்களிலேயே வெள்ளம் முதலில் வழி கேட்கும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கது என்ன? நமது மாநிலத்தில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அந்நாளில் ஆற்றங்கரை ஊர்கள் தத்தம் துறையின் நிலையைப் பதிவு செய்யலாம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊரும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்துக்கொள்ள இடமுண்டு. அதில் மீன் பெயர்களை எழுத ஊர்த் தூண்டிற்காரரைவிடத் தகுந்தவர் யார்? பெயர் தெரியாத மீனைத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்குக் கொண்டுசென்று கேட்கலாம். துறையில் ஒரு கல்லை நட்டு, அதில் அளவு குறித்து, மாதம் ஒருமுறை மணல் மட்டத்தைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு எழுதிவைத்தால், ஈராண்டில் அந்த ஏடே சாட்சியாகிவிடும். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டும் ஒரு கல்லுமே.

இறுதியாக, பிடித்த சிறுமீனைத் திரும்ப விடும் முறை. முதலில் கையை நீரில் நனைக்க வேண்டும். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்புப் போய் நோய் பற்றும். செவுளுக்குள் விரல் நுழைக்கலாகாது. முள்ளின் கொக்கி முனையை முன்னரே இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் முள் எளிதில் கழன்றுவரும். முள்ளை மீன் விழுங்கிவிட்டிருந்தால் பிடுங்காமல் நூலை வாயருகே அறுத்துவிடலாம். பின்னர் மீனை வீசியெறியாமல், நீரோட்டத்திற்கு எதிர்முகமாகத் தலையை வைத்து இரு கைகளாலும் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். செவுள் நாலைந்து முறை திறந்து மூடும். வால் ஒருமுறை அசையும். அதுவே கையை விட்டுப் போய்விடும்.