இல்லத்தின் மறைவிடங்களும் அகிம்சை அணுவிரதமும்

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது அகிம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய பணிகளில் நேரும் ஆரம்ப இம்சையைச் சிராவகர் முற்றும் விலக்க இயலாது. கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப இம்சையையோ அறவே விலக்குதல் வேண்டும். நஞ்சு தெளித்துப் பூச்சிகளை மாய்ப்பது இவ்விரண்டனுள் எதைச் சாரும் என்பதை நாமே உணரலாம்.

கறையானையும் எறும்பையும் மூவறிவுயிர் எனத் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. தத்துவார்த்த சூத்திரமும் எறும்பிற்கு மூன்று பொறிகளையே கூறுகிறது. கவனக் குறைவோடு உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்பதும் அந்நூலின் இலக்கணம். ஆதலின், உயிர்கள் பெருகிய பின் கலங்குவதினும், பெருகாவண்ணம் முன்னரே நோக்கிக் காப்பதே விரதத்திற்கு அரண்.

ஜவ்வாது மலையின் சாமையும் புளியும், அதன் கிழக்கே போளூர், ஆரணிப் பகுதிகளின் நெல்லும் மணிலாவும் சேமிக்கும் இல்லங்களில், சாதுர்மாச மழைக்கு முன்னர்ப் பகல் வெளிச்சத்தில் பின்வரும் இடங்களை நோக்குக.

1. தானிய அறை: அரிசி வண்டு மணியைத் துளைத்து அதனுள் முட்டையிடும். தானியத்தை வண்டு புகுமுன்னரே நன்கு உலர்த்துக. வண்டு கண்டபின் வெயிலில் கொட்டலாகாது. நிழலில் பரப்பின் அவை தாமே ஊர்ந்து அகலும். மூட்டைகள் தரையிலும் சுவரிலும் படாதிருக்கட்டும்.

2. பரண், நிலைக்கதவு, ஏட்டுச்சுவடிப் பெட்டி: சுவரில் மண்கோடு தெரியின் கறையான் வரும் வழி அதுவே. ஈரக் கசிவை நிறுத்துக. மரம் மண்ணைத் தொடாதிருக்கச் செய்க.

3. அடுக்களை, கழுநீர்ப் போக்கி: சிறு கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். அட்டைப் பெட்டிகளைக் குவிக்கற்க. எச்சில் பாத்திரத்தை இரவில் விடற்க.

4. நீர்த்தொட்டி: டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, முட்டையிலிருந்து 7 முதல் 10 நாளில் முழுவளர்ச்சி பெறும். தொட்டியை இடைவெளியின்றி மூடுக.

5. குழாயும் மின்கம்பியும் நுழையும் துளைகள்: 6 மில்லிமீட்டர் இடைவெளியே சுண்டெலிக்குப் போதும். உள்ளே உயிர் இல்லை எனத் தெளிந்த பின்னரே கம்பிவலையும் சிமெண்டும் இட்டு அடைக்க. எலிக்கு இடும் நஞ்சு, அவ்வெலியை உண்ணும் ஆந்தையையும் கொல்லக் கூடும்.

ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர் உளதோ என நோக்குதல் முனிவர்க்குரிய ஆதான நிக்ஷேபண சமிதி. அதன் சிறு பயிற்சியாக இச்சோதனையைத் திங்கள்தோறும் மேற்கொள்வோம். நம் சிறுவரையும் உடன் அழைத்துக் கற்பிப்போம். நஞ்சுப் புட்டிக்கு இடமில்லாத இல்லமே அறம் வாழும் இல்லம்.