நிறுத்தத் தெரிந்தவரே ஓட்டுநர்

புதிய மோட்டார் சைக்கிளை வாங்கும் இளைஞர் முதலில் கற்க வேண்டியது விரைந்து செல்லும் திறனை அன்று. உரிய இடத்தில் நிறுத்தும் திறனையே ஆகும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி கியர் உள்ள ஊர்தியை ஓட்ட 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் கழிந்த பின்னரே ஓட்டுநர் உரிமத்திற்கான தேர்வில் பங்கேற்க இயலும். இவ்விடைக்காலம் வெறும் காத்திருப்பு அன்று. பயிற்சிக்கு உரிய காலம்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் 10 மீட்டரைக் கடக்கிறது. இடையூறைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஏறத்தாழ அத்தொலைவு கழிந்துவிடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஊர்தி நிற்பதற்குத் தேவையான தொலைவோ நான்கு மடங்காகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் அமைவதே இதற்குக் காரணம்.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்தின்மீது சாய்கிறது. எனவே, முன் பிரேக்கே மிகுதியாகப் பயன்படும். ஆயினும், இரு பிரேக்குகளையும் சேர்த்துச் சீராக அழுத்துதல் வேண்டும். மணல் பரவிய சாலையிலும் மழையில் நனைந்த சாலையிலும் திடீரென அழுத்தினால் சக்கரம் வழுக்கும். ஆதலால், ஆளில்லாத் திடலில், தலைக்கவசத்தின் வாரை இறுகப் பூட்டிக்கொண்டு, குறைந்த வேகத்தில் நிறுத்திப் பழகுதல் நன்று. சாவி கைக்கு வந்த நாளில் ஊர்தி நமதாகிறது. நினைத்த இடத்தில் நிறுத்த இயலும் நாளில்தான் நாம் ஓட்டுநர் ஆகிறோம்.