பேத்தை மீனுக்கு வீட்டிலேயே நத்தைத் தீனி

பஃபர் எனப்படும் பேத்தை மீன் உலர்தீனியைப் பெரும்பாலும் சீண்டாது. அதன் பல்லும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடு கடித்தால்தான் தேயும். நத்தையை நீங்களே வளர்த்துக் கொடுங்கள்.

1. நத்தைக்குத் தனித் தொட்டி வையுங்கள். மீனோடு விட்டால் பெருகும் முன்பே தீர்ந்துவிடும்.

2. ராம்ஸ்ஹார்ன், பிளாடர் வகை நத்தைகளை விடுங்கள். ஓடு மெல்லியது, விரைவில் பெருகும்.

3. குளத்து நத்தையைத் தவிருங்கள். ஒட்டுண்ணியும் பூச்சிமருந்தும் கூடவே வரலாம்.

4. கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைப் போடுங்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் நத்தை ஓடு அரித்துப்போகும்.

5. வெந்நீரில் வாட்டிய கீரை, வெள்ளரித் துண்டு கொடுங்கள். மிச்சத்தை மறுநாளே எடுங்கள். அழுகினால் தண்ணீர் கெடும்.

6. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். கழிவு தேங்காது.

7. செம்பு கலந்த மீன் மருந்தை ஊற்றாதீர்கள். செம்பு நத்தையைக் கொல்லும்.

8. குள்ளப் பேத்தைக்கு அதன் கண்ணளவு நத்தையே போடுங்கள். பெரியதை அதனால் உடைக்க முடியாது.

9. மலேசியன் டிரம்பெட் நத்தை வேண்டாம். ஓடு கடினம்; சிறிய மீனின் பல் உடையக்கூடும்.

மிஞ்சும் நத்தைகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். அங்குள்ள உயிர்களுக்கு அவை கேடாகும்.