ரேடார் காணும் மழை

மாணவர்களே! தொடர்வண்டி நெருங்கி வருகையில் அதன் ஊதல் ஒலி கூர்மையாகவும், கடந்து சென்றபின் தணிந்தும் கேட்பதை அறிவீர்கள். இத்தகைய அலைமாற்றம் பற்றிய கொள்கையை 1842ஆம் ஆண்டில் வெளியிட்டவர், ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர். அவர் பெயரால் அமைந்ததே டாப்ளர் வானிலை ரேடார்.

இக்கருவி நுண்ணலைகளைச் சிறு துடிப்புகளாக வானில் செலுத்துகிறது. அவை மழைத்துளிகளில் பட்டுச் சிதற, ஒரு பகுதி திரும்பி வருகிறது. அதற்கான நேரம் மழையின் தொலைவைக் காட்டும். திரும்பிய அலையின் வலிமை மழையின் அளவை உணர்த்தும். அலையில் நேர்ந்த மாற்றம், துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகுகின்றனவா என்பதையும் அவற்றின் வேகத்தையும் அறிவிக்கும். துளிகளைச் சுமந்து செல்வது காற்றே; ஆதலால் புயற்காற்றின் வேகமும் புலப்படும்.

ஆயினும், எல்லா இடத்திற்கும் ஒரே வகை ரேடார் பொருந்தாது. எஸ் அலைவரிசை ரேடாரின் அலைநீளம் ஏறத்தாழ 10 செ.மீ. அது கனமழையினூடேயும் பெரிதும் வலிமை குன்றாது நெடுந்தொலைவு செல்லும். எனவே கடற்புயலைக் கண்காணிக்க ஏற்றது. 2002இல் சென்னையில் நிறுவப்பட்ட ரேடார் இவ்வகையினது. ஆனால், அதன் கற்றையை 1 பாகை அளவிற்குக் குவிக்க, 8 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுடைய ஆன்டெனா வேண்டும்.

எக்ஸ் அலைவரிசையின் அலைநீளம் ஏறத்தாழ 3 செ.மீ. அதற்குச் சிறிய ஆன்டெனாவே போதும். மலைமேல் நிறுவுதல் எளிது. கனமழையில் அதன் அலை விரைவில் வலுவிழக்கும். எனினும், இமயமலைப் பகுதியிலுள்ள குஃப்ரியிலும் முக்தேஷ்வரிலும் 2021இல் இவ்வகை ரேடார்களே தொடங்கப்பட்டன. ஏன்?

ரேடார் கற்றையை மலைகள் மறிக்கும். மேலும், புவி வளைந்திருப்பதால், 0.5 பாகை சாய்வில் செல்லும் கற்றை 200 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்தை அடைந்துவிடும். அதற்குக் கீழே பள்ளத்தாக்கில் பெய்யும் மழை அதன் பார்வைக்குத் தப்பிவிடும். மலைநாட்டில் ஓடைகள் சிறிது நேரத்திலேயே வெள்ளமாய்ப் பெருகக்கூடும்; அங்கு வாழ்வோர்க்கு அருகிலுள்ள ரேடாரே உரிய நேரத்தில் எச்சரிக்கை தரவல்லது. திரையில் ஓரிடம் வெறுமையாகத் தோன்றுவதாலேயே அங்கு மழையில்லை எனத் துணிதல் கூடாது. கருவி காட்டுவதை அறிவது போலவே, அது காணாததை அறிவதும் அறிவியலே.

சொற்பொருள்
குன்றாது – குறையாமல். கற்றை – தொகுதி. மறிக்கும் – தடுக்கும்

பயிற்சி
1. திரும்பி வரும் அலையிலிருந்து அறியப்படும் செய்திகள் யாவை?
2. பிரித்து எழுதுக: புயற்காற்று, கடற்புயல்.
3. கடற்கரைக்கும் மலைப்பகுதிக்கும் வெவ்வேறு ரேடார்கள் தேவைப்படுவது ஏன்? ஐந்து தொடர்களில் எழுதுக.