பட்டைச் செயலி அமைத்தல்: பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு ஒரு சிறு மாற்றி

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்
- பட்டைச் செயலி இயங்கும் முறையை விளக்குவீர்கள்.
- நிகழ்வு சார்ந்த செய்நிரலின் போலிக்குறிமுறையை எழுதுவீர்கள்.
- பாமினி, யுனிகோட் குறியெண்களின் வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் கூறுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, கணினித் திரையின் ஓரத்திலுள்ள மெல்லிய பட்டையைக் கவனியுங்கள். நேரம், மின்கல அளவு, ஒலி ஆகியவற்றின் சின்னங்கள் அங்கே இருக்கின்றன. 1984இல் வெளிவந்த மெக்கின்டோஷ் கணினியிலிருந்து மக் கணினிகளில் பட்டிப் பட்டை திரையின் மேலே உள்ளது. விண்டோஸ் 95 (1995) முதல் விண்டோஸில் பணிப்பட்டையின் வலது ஓரத்தில் அறிவிப்புப் பகுதி உள்ளது. இவ்விடத்தில் சிறு சின்னமாக இருந்து, சொடுக்கும்போது மட்டும் பட்டியை விரித்து ஒரு வேலையைச் செய்துதரும் மென்பொருளே பட்டைச் செயலி. தமிழில் தட்டச்சுச் செய்ய உதவிய இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்பன தமிழர் பலர் முதலில் அறிந்த பட்டைச் செயலிகள்.

2. நமது பிரச்சினை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு தட்டச்சு நிலையத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த கடிதமொன்றை வீட்டுக் கணினியில் திறக்கிறீர்கள். அங்கே பாமினி இல்லையெனில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். பாமினி இருந்தாலும், அந்தக் கோப்பில் உங்கள் பெயரை யுனிகோட்டில் அடித்துத் தேடினால் கிடைக்காது. ஏன்?

பாமினி ஆங்கில எழுத்துகளின் குறியெண்களுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய எழுத்துரு. யுனிகோட்டிலோ தமிழுக்கென 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ‘அம்மா’ என்ற சொல்லைப் பாருங்கள்.

பாமினி: 109, 107, 59, 107, 104
யுனிகோட்: 2949, 2990, 3021, 2990, 3006

109 என்பது ஆங்கிலத்தின் ‘எம்’ எழுத்துக்குரிய எண். அது ஆங்கில எழுத்தா, தமிழ் ‘அ’வா என்பதை எண்ணை மட்டும் பார்த்துக் கணினியால் சொல்ல முடியாது. வாசிக்கும் மனிதருக்கே அது தெரியும். ஆகவே நமது செயலி தானாக எதையும் மாற்றக் கூடாது. பயனர் சொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கென்றே அமைந்தது பட்டைச் செயலி.

3. தேவையானவை

உயர்தரத்தில் நீங்கள் கற்கும் பைதன் மொழியே போதும். அதனுடன் மூன்று நூலகத் தொகுதிகளை நிறுவிக்கொள்க: சின்னத்துக்கும் பட்டிக்கும் பைஸ்ட்ரே, சின்னத்தின் படத்துக்குப் பில்லோ, நகலெடுத்த உரை தற்காலிகமாகத் தங்கும் கிளிப்போர்ட்டை அணுகப் பைப்பர்கிளிப்.

4. போலிக்குறிமுறை

தொடங்கு
  பழையது = வெற்று
  சார்பு மாற்று:
    பழையது = கிளிப்போர்ட்டிலுள்ள உரை
    புதியது = பழையது
    அட்டவணையின் ஒவ்வொரு சோடிக்கும்:
      புதியதில் பாமினிக் குறிக்குப் பதிலாக யுனிகோட் குறியை இடு
    கிளிப்போர்ட் = புதியது
  சார்பு மீட்டெடு:
    கிளிப்போர்ட் = பழையது
  சார்பு வெளியேறு:
    சின்னத்தை நிறுத்து
  பட்டி = (மாற்று, மீட்டெடு, வெளியேறு)
  சின்னம் = (படம், பட்டி)
  சின்னத்தை இயக்கு
முடிவு

கடைசி வரியான ‘சின்னத்தை இயக்கு’ என்பதே செயலியின் உயிர். அவ்வரியில் செய்நிரல் ஒரு மீள்செயலுள் நுழைந்து நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும். சொடுக்கு என்னும் நிகழ்வு வந்ததும் உரிய சார்பை அழைத்து, அது முடிந்ததும் மீண்டும் காத்திருக்கும்.

5. அட்டவணையை ஒழுங்குபடுத்தல்

பாமினியில் ‘கொ’ என்பது கொம்பு (110), க (102), அரவு (104) எனக் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே சேமிக்கப்படும். யுனிகோட்டில் மெய் முதலில் வரும்: க (2965), அதன்பின் ஒகரக் குறி (3018). நீங்கள் முதலில் 102ஐ மட்டும் ‘க’வாக மாற்றினால் கொம்பு முன்னாலேயே தங்கிவிடும், எழுத்து உடையும். ஆகையால் நீளமான குறித்தொடர்களை முதலிலும் (கொ), அடுத்து இடைப்பட்டவற்றையும் (கெ), இறுதியில் தனி எழுத்துகளையும் (க) மாற்றுக.

6. மாணவர் விடும் தவறுகள்

(அ) ‘பழையது’ என்பதை ‘மாற்று’ சார்பினுள் முழுதளாவிய மாறியாக அறிவிக்க மறத்தல். அப்போது மூல உரை அச்சார்புடனேயே மறைந்துவிடும். ‘மீட்டெடு’ வெற்றையே தரும்.

(ஆ) நீண்ட வேலையை நேரடியாகச் சார்பினுள் செய்தல். அது முடியும்வரை பட்டி உறைந்து நிற்கும். அத்தகைய வேலையைத் தனி இழையில் இடுக.

(இ) கிளிப்போர்ட்டை எந்நேரமும் கண்காணிக்க வைத்தல். அங்கே கடவுச்சொல்லும் இருக்கக்கூடும். சொடுக்கும்போது மட்டும் வாசிக்குக.

(ஈ) நுணுக்கமான சின்னம் வரைதல். அறிவிப்புப் பகுதியில் அது 16 × 16 புள்ளி அளவுக்குக்கூடச் சுருங்கும். ‘ப’ போன்ற எளிய எழுத்தொன்று போதும்.

(உ) சின்னம் தெரியவில்லை என்று செய்நிரலைத் திருத்தத் தொடங்குதல். விண்டோஸ் புதிய சின்னங்களை மேல்நோக்கிய அம்புக்குறியின் பின்னே மறைத்து வைப்பதுண்டு. முதலில் அங்கே பாருங்கள்.

நினைவிற் கொள்க: முதல் நாளிலேயே முழு அட்டவணையையும் எழுத முயலாதீர்கள். முதலில் ‘வெளியேறு’ மட்டும் உள்ள சின்னத்தை இயக்குங்கள். அடுத்து ‘அம்மா’ என்ற ஒரு சொல்லை மாற்றுங்கள். அதன்பின் அட்டவணையை வளர்த்துச் செல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் இயங்கும் செயலி உங்கள் கையில் இருக்கும்.

7. மாதிரி வினாக்கள்

1. ‘கொழும்பு’ என்ற சொல் பாமினியில் 110, 102, 104, 79, 107, 59, 71 என ஏழு குறியெண்களாகும். மேலே கூறிய முறைப்படி யுனிகோட்டில் எத்தனை குறியெண்கள்?
2. ‘சின்னத்தை இயக்கு’ என்பதன் கீழே எழுதிய கூற்று உடனே நிறைவேறாதது ஏன்?
3. ஆங்கிலமும் பாமினியும் கலந்த கடிதம் முழுவதையும் நகலெடுத்து மாற்றினால் என்ன நேரும்? பயனர் செய்யவேண்டியது யாது?

விடைக் குறிப்பு

1. எட்டு: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி. திரையில் தெரிவது நான்கு எழுத்துகளே.
2. செய்நிரல் நிகழ்வு மீள்செயலில் உள்ளது. ‘வெளியேறு’ சொடுக்கப்பட்ட பின்னரே அடுத்த கூற்றுக்கு வரும்.
3. ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும். ‘மீட்டெடு’ மூலம் மூல உரையைப் பெற்று, பாமினிப் பகுதியை மட்டும் நகலெடுத்து மாற்றவேண்டும்.